ஹரிக்கேனுக்குத் துணிதான் தோல்

பெப்ரவரி 4, 2023

வாசகர் ஒருவரின் கேள்வி: "குருநகரில் மீன்பிடிப் படகுகளை பைபர்கிளாஸில் வார்த்துத் தள்ளுகிறார்கள். ஒரு அச்சு மட்டும் செய்துகொண்டால் உங்கள் விமானமும் சில மாதங்களில் தயார். மழை அண்டாது, கறையான் அண்டாது. அதை விட்டுவிட்டுக் குழாய், சலாகை, துணி என்று ஏன் மாரடிக்கிறீர்கள்? அது பறக்கப் போவதும் இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியுமா?"

பெப்ரவரி 5, 2023

தெரியும். தூரத்தில் நிற்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வளவில் நான் செய்யும் ஹரிக்கேன் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானியப் போர் விமானம். அதில் விமானியின் இருக்கைக்குப் பின்னால் வால்வரை உள்ள உடம்பு உலோகத் தகடு அல்ல. உள்ளே குழாய்களால் கட்டிய சட்டகம். அதைச் சுற்றி மரத்தாலான வளையங்கள். வளையங்களின் மேல் வாலை நோக்கி ஓடும் மெல்லிய மரச்சலாகைகள். எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி. இரண்டு சலாகைகளுக்கு நடுவே துணி மிகச் சிறிதளவு உள்வாங்கும். வெயில் சரிந்து விழும் நேரத்தில் அந்த மேடுபள்ளம் நீண்ட கோடுகளாகத் தெரியும். அதே காலத்து மற்றப் போர் விமானமான ஸ்பிட்பயர் வழவழப்பாக இருக்கும். ஹரிக்கேன் விலா எலும்பு தெரிய நிற்கும். இரண்டையும் பிரித்து அறிய எனக்கு இதுவே போதும்.

பிரித்தானிய விமானப்படைத் தளங்களின் வாசல்களில் நிறுத்தியிருந்த உண்மையான போர் விமானங்கள் சிலவற்றை 1980களின் இறுதியில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பைபர்கிளாஸ் உருக்களை ஏற்றினார்கள். அதில் நியாயம் இருந்தது. உண்மையானவை மழையிலும் பனியிலும் உக்கிக்கொண்டிருந்தன; அவற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நம்மிடம் காப்பாற்ற உண்மையானது எதுவும் இல்லை. வெளித்தோற்றத்தை மட்டும் வார்த்து நிறுத்தினால் விளம்பரப் பலகைதான் மிஞ்சும்.

பெப்ரவரி 6, 2023

செலவைப் பற்றி மூச்சே விடவில்லையே என்கிறார் அதே வாசகர். விடமாட்டேன். என் மனைவியும் இதைப் படிக்கிறார்.

இடத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: சிறகின் நீட்டம் 40 அடி, மூக்கிலிருந்து வால்வரை 32 அடி 3 அங்குலம். அரைப் பரப்புக் காணிக்குள் அடங்கிவிடும். எங்கள் வளவில் அதற்கு மேலேயே இடம் உண்டு. வலது சிறகு வரவேண்டிய இடத்தில் கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அதை வெட்டலாமா என்று வீட்டில் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. ஆகவே விமானம் மூலைவாட்டத்தில் நிற்கும்.

பெப்ரவரி 19, 2023

"பலாலியில் ஹரிக்கேன்கள் நின்று ஜப்பானியரை விரட்டின" என்று ஒருவர் எழுத, வேறு சிலரும் அதற்கு ஆமாம் போட்டிருக்கிறார்கள். ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் 1942 ஏப்ரலில் நடந்தது வேறு.

ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து போன கட்டலினா விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பியது. அதன் தலைவர் லெனர்ட் பேர்ச்சல் என்ற கனேடியர். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை சிறையில் இருந்தார். மறுநாள் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பின்மீது தாக்குதல். ரத்மலானையில் 30ஆம் அணியின் ஹரிக்கேன்கள் நின்றன. எச்சரிக்கை கிடைக்காததால் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் எழும்பின. 258ஆம் அணி கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழும்பியது. ஆம், குதிரை ஓடிய இடத்தைத்தான் ஓடுபாதையாக்கியிருந்தார்கள். 9ஆம் திகதி திருகோணமலை. அங்கே சீனக்குடாவில் 261ஆம் அணி. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது.

பலாலித் தளத்தையும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படைதான் அமைத்தது. அவர்கள் அதைக் காங்கேசன்துறை என்ற பெயரில் வழங்கினார்கள். பின்னாட்களில் அங்கிருந்து பறந்தவை லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் விமானங்கள். லிபரேட்டர் செய்வதென்றால் எனக்கு நான்கு வளவு வேண்டும்.

மார்ச் 11, 2023

படத்தைப் பார்த்து, "வால்பக்கச் சட்டகம் மட்டும் துருவேறிப் பழையதாக இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூர்மையான கண். நான் செய்வது பாதி கட்டுமானம், பாதி மீட்பு. தொடங்கியவர் என் சின்னையா.

அவருடைய தகப்பனுக்குத் திருகோணமலைத் துறைமுக வேலைத்தளத்தில் எழுதுவினைஞர் வேலை. 1942 ஏப்ரல் 9 காலையில் சின்னையா அங்கே பள்ளிக்கூடச் சிறுவன். குண்டு விழுந்த பிறகு திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களோடு இவர்களும் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று வானத்தில் கண்டதை அவர் மறக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில், ஓய்வு நேரத்தில், குழாய் வாங்கி அறுத்துச் சட்டகத்தைத் தொடங்கினார். அதன் பிறகு நாடு போன போக்கில், யாழ்ப்பாணத்தில் ஒருவர் விமானம் செய்கிறார் என்பது வெளியே சொல்லக்கூடிய செய்தியாக இருக்கவில்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் வைத்து மூடிவிட்டார்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. சீமெந்து இல்லை, இரும்பு இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. சட்டகம் துண்டு துண்டாகக் கழன்றது. கிணற்றுக் கப்பி தொங்குவதற்கு ஒரு குழாய் போயிற்று. மாமி வீட்டுக் கோழிக்கூட்டுக்குச் சில. முன்னாலிருந்து பின்னால்வரை ஓடும் நீளக் குழாய்கள்தான் சட்டகத்தின் உயிர். அவை எங்கள் பதுங்குகுழியின் கூரைக்குப் போயின. மேலே பனங்குற்றி, நடுவே குழாய், அதன்மேல் மண்மூட்டை. பொம்பர் சுற்றும் நேரங்களில் நாங்கள் அந்தக் குழாய்களுக்குக் கீழே குந்தியிருந்தோம். அவை எங்கிருந்து வந்தவை என்று சின்னையா அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அளவு நாடாவோடு போய், "நீளக் குழாய்கள் எங்கே?" என்று கேட்டபோதுதான் சொன்னார்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டில் கதவு, நிலை, ஓடு எதுவும் இல்லை. வால்பக்கச் சட்டகம் மட்டும் கிடந்தது. அது என்னவென்று யாருக்கும் விளங்காததால் தப்பியிருக்கவேண்டும்.

மார்ச் 12, 2023

கோழிக்கூட்டுக் குழாய்களைத் திருப்பிக் கேட்டீர்களா என்று பலர் விசாரித்திருக்கிறீர்கள். கேட்டேன். மாமி, "கோழிகளை எங்கே விடுவது? உன் விமானத்துக்குள்ளேயா?" என்றார். புதுக் குழாய் வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் 2, 2023

குழாய் வேலை. இதைக் கொஞ்சம் விரித்து எழுதவேண்டும்.

ஹரிக்கேனை வடிவமைத்தவர் சிட்னி காம். முதல் மாதிரி பறந்தது 1935 நவம்பர் 6. தகடே உடம்பாகும் புதிய முறை அப்போது வந்துகொண்டிருந்தது. ஹாக்கர் தொழிற்சாலையோ ஏற்கெனவே கைவந்த குழாய்ச் சட்டக முறையில் நின்றது. அதில் பற்றவைப்பு இல்லை. வட்டக் குழாயின் முனையைச் சதுரமாக நசுக்கி, இரு பக்கமும் தகடு வைத்து, ஆணியும் அச்சாணியும் போட்டு இறுக்குவார்கள். அடிபட்ட குழாயைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். படைத்தளத்திலேயே பழுதுபார்க்க முடிந்ததும், 14,500க்கு அண்மையில் கட்ட முடிந்ததும் இதனால்தான்.

சின்னையா 1980களில் செய்த வால்பகுதி முழுவதும் பற்றவைத்தது. நான் தகடு வைத்துப் பூட்டவேண்டும் என்கிறேன். "அது துணிக்குள் மறையப் போகிறது, தம்பி. யாருக்குக் காட்ட?" என்கிறார் அவர். தொண்ணூறை எட்டும் வயதில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு சொல்கிறார். எதிர்த்துப் பேச முடியவில்லை. பழைய பகுதியில் அவருடைய பற்று அப்படியே இருக்கும், புதிய பகுதி பூட்டிச் செய்யப்படும் என்று உடன்பாடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு முறையும் தெரியும். அதை மறைக்கப் போவதில்லை.

முனையைச் சதுரமாக்குவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. மானிப்பாய்ப் பக்கம் ஒஸ்டின் ஏ40 கார்களைப் பார்க்கும் ஒரு மூத்த மெக்கானிக். தடைக்காலத்தில் கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியவர். வாங்க முடியாத உதிரிப்பாகத்தைச் செய்துகொள்வது அவருக்குப் பழக்கம். நான் படத்தைக் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றே: "குழாயின் சுவர் தடிப்பு எவ்வளவு?" இரண்டு துண்டு உருக்கில் ஓர் அச்சுக் கடைந்து, ஜக்கை வைத்து நசுக்கி, முதல் முனையை என் கையில் தந்தார். மூலைகளில் வெடிப்பே இல்லை. எஞ்சின் எத்தனை லீட்டர் என்று கேட்டார். ஹரிக்கேனின் மேர்லின் எஞ்சின் 27 லீட்டர் என்றேன். அவருடைய ஏ40 சமர்செட் 1.2 லீட்டர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மண்ணெண்ணெயில் ஓடாது" என்றார்.

ஏப்ரல் 9, 2023

இன்று ஏப்ரல் 9. வட்டச் சின்னத்தின் நிறத்தைப் பற்றி எழுதப் பொருத்தமான நாள்.

"கிழக்கில் பறந்த பிரித்தானிய விமானங்களின் வட்டத்தில் சிவப்பு இல்லை, நீலமும் வெளிர்நீலமும்தான், உங்கள் வரைபடம் பிழை" என்று ஒருவர் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது 1943க்குப் பிந்திய நிலை. ஜப்பானிய விமானத்தின் சின்னம் முழுச் சிவப்பு வட்டம். அதோடு குழம்பித் தம்முடையதையே சுட்டுவிடக்கூடாது என்றுதான் இந்தப் பகுதியில் சிவப்பை எடுத்தார்கள். 1942 ஏப்ரலில் நடுச்சிவப்பு இருந்தது. நான் செய்வது அந்த மாதத்து ஹரிக்கேன், இரண்டாம் வகை பி.

சின்னையாவிடமும் கேட்டேன். "எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டிலும் சிவப்பு இருந்தது" என்றார். அந்த வயதுச் சிறுவனின் நினைவைச் சான்றாகக் கொள்ளலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். சான்று வேறு இருக்கிறது. இதுவும் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மே 21, 2023

சலாகைக்கு எந்த மரம்? இவ்வளவு பேர் இவ்வளவு கோபத்தோடு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

உண்மையான விமானத்தில் ஸ்புரூஸ். இலேசானது, நார் நேராக ஓடும், முடிச்சுக் குறைவு. இங்கே கிடைக்காது. பனஞ்சலாகை போடுங்கள், யாழ்ப்பாணத்து விமானம் என்று பெயராகும் என்கிறது ஒரு கூட்டம். பனை கூரைக்கு நிகரற்றது. இந்த அளவுக்கு மெல்லியதாகச் சீவினால் சிம்பு சிம்பாகப் பிரியும், கனமும் அதிகம், துணியையும் கிழிக்கும். வல்வெட்டித்துறை அன்பர்கள் மூங்கிலைச் சொல்கிறார்கள். தைப்பொங்கலுக்கு அவர்கள் ஏற்றும் பட்டங்களைப் பார்த்தவன் மூங்கிலை இளக்காரமாகப் பேசமாட்டான். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போன அன்னபூரணியைக் கட்டிய ஊர் அது; மரத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் யார்? ஆனால் மூங்கிலில் கணு உண்டு. பட்டத்தில் கணு மறையும். இழுத்துப் போர்த்திய துணியில் ஒவ்வொரு கணுவும் புடைத்துத் தெரியும்.

கடைசியில் இறக்குமதிப் பெட்டிகளின் பைன் பலகை. இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடையில், முடிச்சில்லாத துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, சாய்வாக வெட்டி ஒட்டி நீளமாக்கினோம். வளையங்களுக்குக் கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகை. பனைக்காரர் மனம் நோகக்கூடாது என்பதற்காக, கட்டும்போது விமானத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகள் எல்லாம் பனை.

மே 23, 2023

ரொறொன்ரோவிலிருந்து ஒருவர், "வெள்ளைக்காரன் விமானத்தை நாம் ஏன் தூக்கிப் பிடிக்கவேண்டும்?" என்று கேட்கிறார். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோவில், அப்போது போர்ட் வில்லியம் என்றிருந்த நகரில், 1,400க்கு மேற்பட்ட ஹரிக்கேன்களைக் கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலையின் தலைமை விமானப் பொறியியலாளர் எல்சி மக்கில் என்ற பெண். இளம்பிள்ளைவாதத்தால் ஊன்றுகோலோடு நடந்தவர். ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

யூலை 16, 2023

காற்றாடி. ரோட்டோல் வகை, மூன்று அலகு, சுமார் 11 அடி விட்டம். எங்கள் தச்சர் படத்தைக் கையில் வாங்கியதும், "இது இரும்பா, அலுமினியமா? எனக்கு எதற்குக் காட்டுகிறீர்கள்?" என்றார். ஹரிக்கேனில் போட்ட ரோட்டோல் அலகுகளில் பெரும்பகுதி மரம். மெல்லிய பலகைகளை அடுக்கி அழுத்தி ஒட்டிச் செதுக்கியவை. இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. 1,200 குதிரைவலுவுக்கு மேல் தாங்கியது மரமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்குப் பிறகு கூலியைப் பற்றி அவர் பேசவில்லை, நான்தான் பேசவேண்டியிருந்தது.

உளியை எடுக்குமுன் அவர் கேட்ட கேள்வி முக்கியமானது: "எந்தப் பக்கம் சுற்றும்?" விமானிக்கு வலஞ்சுழி, முன்னால் நின்று பார்ப்பவருக்கு இடஞ்சுழி. நாற்சந்திகளில் வைக்கும் மாதிரி விமானங்களில் அலகின் முறுக்கு எதிர்ப்பக்கமாக இருப்பதைக் கண்டால் எனக்குப் பற்கள் கூசும். அப்படியே சுற்றினால் விமானம் பின்னோக்கிப் போகும்.

ஓகஸ்ட் 27, 2023

துணி.

லினன் கட்டுபடியாகாது. பருத்திக் காடாத்துணி போட்டு அரக்கு பூசலாம் என்று சின்னையா சொன்னார். ஈரக்காற்றில் அது தளரும். இப்போது பழைய விமானங்களை மீட்பவர்கள் பலரும் பொலியெஸ்டர் துணியைத்தான் போர்த்துகிறார்கள். விளிம்புகளை ஒட்டிவிட்டு இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் சுருங்கி இறுகும். விமானத்துக்கென்று நெய்த துணி விலை அதிகம். அதே இனத்தில் பூச்சு இல்லாத உள்துணி நகரக் கடையில் கிடைத்தது. முதலில் ஒரு பட்டச் சட்டத்தில் போர்த்திப் பார்த்தேன்.

பார்க்கவேண்டிய காட்சி அது. பெட்டியை மெல்ல இழுக்க இழுக்க, அதற்கு முன்னால் சுருக்கங்கள் ஓடுகின்றன. ஓரத்துக்குப் போய்ச் சற்றே நின்று, பிறகு காணாமற்போகின்றன. துணிக்கு அடியில் சலாகை சிறிதாக முனகுகிறது. சூடு கூடினால் துணி மஞ்சளித்து ஓட்டை விழும், குறைந்தால் சுருங்காது. மின்பெட்டியின் அளவுக்குமிழியை நம்ப முடியவில்லை. சந்தியில் சலவைக்கடை வைத்திருப்பவர் தன் சிரட்டைக்கரிப் பெட்டியோடு வந்தார். விரலில் எச்சில் தொட்டுப் பெட்டியில் வைப்பார், ஓசையைக் கேட்பார், பிறகு துணியில் வைப்பார். இடது பக்கம் முழுவதும் அவர் வேலை. வலது பக்கம் மின்பெட்டியோடு நான். எது யாருடையது என்று சொல்லமாட்டேன். வந்து பார்ப்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். இணுவிலிலிருந்து தவில்காரர் ஒருவர் வேறு அலுவலாக வீட்டுக்கு வந்தார். துணியைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டே வால்வரை நடந்தார். "இந்தக் கட்டம் இறங்கியிருக்கிறது. இது சரி. இதுவும் இறங்கியிருக்கிறது." அவர் சொன்ன இடங்களில் சோக்கால் புள்ளி வைத்தேன். மறுநாள் சூடு காட்டிப் பார்த்தால், புள்ளி வைத்த கட்டங்கள்தான் இன்னும் சுருங்கின. எந்த அளவுகருவியைத் தேடுகிறீர்கள் என்று கேட்ட பொறியியல் மாணவருக்கு இதுவே என் பதில்.

செப்டெம்பர் 10, 2023

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

உடம்புக்கும் வாலுக்கும் துணி போர்த்தி முடிந்து, பச்சையும் மண்ணிறமும் பூசி, வேலிக்கு மேலால் வால் தெரியத் தொடங்கியதும் பக்கத்து வளவு அக்கா வந்தார். 1990களில் குண்டுவீச்சில் தமையனை இழந்தவர். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "காலையில் யன்னலைத் திறந்தால் அதன் வால் தெரிகிறது. கொஞ்சம் மூடிவைக்க முடியுமா, தம்பி?" என்றார். அன்றைக்கே கிடுகு கட்டி மறைத்தேன்.

இந்த விமானம் வேறு போர், வேறு காலம், இது நகரத்தைக் காக்க எழும்பியது என்றெல்லாம் எனக்கு விளக்கம் உண்டு. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலியால் எட்டிப் பார்க்கும் ஒரு வாலுக்கு எந்தப் போர் என்று எழுதியா இருக்கிறது?

துப்பாக்கிகளைப் பற்றியும் அதனால் மறுபடி யோசித்தேன். இரண்டாம் வகை பியில் சிறகுக்கு ஆறாகப் பன்னிரண்டு பிரவுனிங். துளைகளைச் செய்து உள்ளே குழாய் வைப்பதாகத்தான் முதலில் வரைந்திருந்தேன். இப்போது குழாய் இல்லை. துளைகளின் மேல் சிவப்புத் துணி ஒட்டப்படும். அதுவும் உண்மைக்கு முரண் அல்ல: குழாய்க்குள் ஈரமும் தூசியும் போகாதபடி ஹரிக்கேன், ஸ்பிட்பயர் இரண்டிலும் அப்படி ஒட்டுவார்கள், முதல் வேட்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். ஒட்டியிருக்கிறதென்றால் இன்னும் சுடவில்லை.

செப்டெம்பர் 11, 2023

"அப்படியானால் முழுவதையும் விட்டுவிடுங்களேன்" என்பவருக்கு: அக்காவிடமே கேட்டேன். "செய்ததைச் செய். யன்னல் பக்கம்தான் வேண்டாம்" என்றார். மூக்கை ஒழுங்கைப் பக்கமாகத் திருப்பியாயிற்று. மாமரம் இப்போது இடது சிறகுக்கு இடைஞ்சல்.

நவம்பர் 19, 2023

மாரி வந்து சோதனை வைத்துவிட்டது. துணி தளரவில்லை, பைன் சலாகைதான் ஊறி இரண்டு இடங்களில் நெளிந்தது. அதைவிட மோசம், வாலுக்குள் தண்ணீர். இந்த விமானம் நிலத்தில் மூக்கு உயர்ந்து வால் தாழ்ந்து நிற்கும். எங்கே ஒழுகினாலும் தண்ணீர் வாலுக்குத்தான் போகும். உண்மையான விமானத்தில் துணியின் அடிப்பக்கத்தில் வடிகால் கண்கள் வைத்திருந்தார்கள் என்று நினைவூட்டிய அன்பருக்கு நன்றி. சப்பாத்துத் தைப்பவரிடம் உள்ள கண்வளையங்கள் அளவாகப் பொருந்தின. அவரே வந்து அடித்துக் கொடுத்தார்.

பைபர்கிளாஸ் அன்பர் இந்த நேரம் பார்த்து "சொன்னேனே" என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும். அவருக்கு ஒரு செய்தி: சிறகு உடம்போடு சேரும் மூலையில் இரண்டு திசையிலும் வளையும் தகடு ஒன்று உண்டு. உண்மையில் அது அலுமினியம். பஸ் உடம்பு கட்டும் வேலைக்காரர்கள் சிறகின் மேல்தகட்டை அழகாக ஆணியடித்துத் தந்தார்கள். இந்த மூலையில் மட்டும் கைவிரித்துவிட்டார்கள். அதைத் தட்டி வளைக்கும் கைகள் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அந்தத் துண்டை மட்டும் பைபர்கிளாஸில் வார்க்கப் போகிறோம். அங்கே உண்மையிலும் வழவழப்புத்தான். படகுக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் 20, 2023

அவரே படகுக்காரராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

ஜனவரி 28, 2024

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சில நாள் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார்கள். வீதியால் கொண்டுபோவதற்கு ஓர் அலுவலகத்தில் அனுமதி வேண்டும். பெயர் வேண்டாம். "எஞ்சின் இருக்கிறதா?" இல்லை. "பறக்குமா?" பறக்காது. "பறக்காது என்று யார் உறுதிப்படுத்துவது?" செய்தவன் நான். "நீங்கள் விமானப் பொறியியலாளரா?" இல்லை. "அப்படியானால் பறக்காது என்று உங்களால் எப்படிச் சொல்ல முடியும்?" இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. காற்றாடியைச் சுற்றுவது தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டார் என்றும், அதற்கு மின்கம்பி வீட்டுச் சுவரிலிருந்து வருகிறது என்றும் எழுதிக் கொடுத்தேன். கம்பி எவ்வளவு நீளம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அனுமதி கிடைத்தது.

பெப்ரவரி 3, 2024

சில்லறைக் கேள்விகள் சேர்ந்துவிட்டன.

டயர்: ஹரிக்கேனின் டயரில் பூ வெட்டு இல்லை, வழவழப்பு. தேய்ந்துபோன வான் டயர்கள் யாழ்ப்பாணத்தில் தாராளம்; ஓடும் வான்களிலேயே காணலாம்.

அளவுகள்: லண்டனில் கொலிண்டேல் அரும்பொருட்சாலையில் ஓர் உண்மையான ஹரிக்கேன் நிற்கிறது. அங்கிருந்து அதிகத் தூரமில்லாத ஹரோவில் என் மச்சான் இருக்கிறான். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வால்சக்கரத்தை மட்டும் எல்லாப் பக்கத்தாலும் படமெடுத்து அனுப்புவான். பிள்ளைகள் இப்போது வர மறுக்கிறார்களாம்.

ஒழுங்கை: வெளிச்சிறகுகள் நடுப்பகுதியோடு ஆணியால் பூட்டியவை, கழற்றித் தனி லொறியில் ஏற்றலாம். உண்மையிலும் அப்படித்தான் ஏற்றினார்கள். சக்கரங்களுக்கு இடையே 8 அடிக்குச் சற்றுக் குறைவு. நடுப்பகுதி அதைவிட அகலம். எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. ஒரு பக்க வேலிக்காரர் கதியாலைப் பிடுங்கிவிட்டுப் பிறகு நட்டுக்கொள்ளலாம் என்கிறார். மற்றப் பக்கத்து வேலிக்காரர் எங்கள் மாமி. கோழிக்கூடு அந்த வேலியோடு ஒட்டித்தான் நிற்கிறது.